கருடனுக்குப் போட்ட நாமம்

கருடனை ஷெட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் புறப்பட்டுப் போன என் மச்சான் ரங்கனுக்கு,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க்காரர் யாராவது நீ இருக்கிற இடத்துக்கு வந்து சேர்ந்து, கண்ணும் மூக்கும் வைத்து உன்னிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது.

ஐப்பசியில் ஒரு காலை. மெட்ராஸ் போகிற ஜி.என்.டி. ரோட்டில், கவரைப்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால், கருடன் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டான். நான் இறங்கி, நீ செய்வதுபோலவே பானெட்டைத் திறந்தேன். நீ செய்வதுபோலவே உள்ளே குனிந்தேன். நீ செய்வதுபோலவே இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக் கும்பிட்டேன். பின்னால் மெட்ராஸ் பஸ் ஒன்று வழி கிடைக்காமல் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "இன்னா சாமி, கற்பூரம் கொண்டாந்துகிறியா, நாங்க தரட்டுமா?" என்று கேட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று அவளும் கும்பிட்டுக்கொண்டாள். கும்பிட்ட கையோடு நான் நின்றேன். கருடன் அசையவில்லை.

இந்தக் கடிதம் உனக்குத்தான். ஆனால் நாலு பேர் கண்ணில் படும்படி எழுதுகிறேன், உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே சில இடத்தில் உனக்கே சொல்வேன். கோபித்துக்கொள்ளாதே.

நீ என் பத்மாவின் அண்ணன். திருவள்ளூரில் பெருமாளுக்கு முன்னால் தீவட்டி பிடித்த குடும்பம். நீ மட்டும் தீவட்டியை விட்டுவிட்டு ஹெட்லைட் போட வந்தாய். யாரோ ஒரு துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போன கருப்பு வண்டியை வாங்கி, அதற்குக் கருடன் என்று பேர் வைத்து, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் டாக்சியாக நிறுத்தினாய். பெருமாளுக்கு வாகனம் கருடன், எனக்கும் கருடன் என்று சொல்லிக்கொள்வாய். உனக்கு மட்டும் கர்வம் ஒரு தலைமுறைக்குச் சேர்த்து வந்திருந்தது.

ஆயுத பூஜைக்கு மற்ற டிரைவர்கள் ஸ்டீயரிங்கில் சந்தனம் வைப்பார்கள், முன்கண்ணாடியில் குங்குமம் வைப்பார்கள். நீ பானெட்டைத் திறப்பாய். இஞ்சினுக்குப் பக்கத்தில் கருப்பாக ஒரு மூடி இருக்கும், நாலு பிளக்குக்கும் கரண்டைப் பங்கு வைத்துக் கொடுக்கிற மூடி. அதைக் கழற்றி, போன வருஷத்து நாமத்தைப் பெட்ரோல் விட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, புதிதாக ஒரு நாமம் போடுவாய். இரண்டு பக்கமும் வெள்ளைத் திருமண், நடுவில் சிவப்பாக ஸ்ரீசூர்ணம். மேலே ஒயர் நுழைகிற மொட்டிலிருந்து கீழே மூடியைப் பிடித்திருக்கிற இரும்பு கிளிப் வரைக்கும் நேராக ஒரு கோடு.

ஏன் அங்கே என்று கேட்டேன். "அங்கதான் மாப்ளே இதுக்கு உயிரு கீது. உயிரு கீற எடத்துலதான பெருமாளு இருக்கணும்" என்றாய். எட்டாவது படித்தவன் நான், ஆறாவதோடு நின்றவன் நீ. இருந்தும் கன்னத்தில் போட்டுக்கொண்டது நான்தான்.

மாசியில் நீ போனாய். அந்த நாளைப் பற்றி நிறைய எழுத முடியாது. நல்ல வெயில். சவாரி முடித்து வந்து கருடனை ஷெட்டில் விட்டாய். மார்பில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று உன் பெண்டாட்டி அலமேலுவிடம் சொல்லிவிட்டுப் படுத்தாய். நாங்கள் ஓடி வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்சீட்டில் கிடத்தினோம். வண்டி இருந்தது. பெட்ரோல் இருந்தது. யாரோ முன்பக்கம் ஹாண்டிலைச் சொருகிச் சுற்ற, முதல் சுற்றிலேயே இஞ்சின் எழுந்தது. ஊரில் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தான். மாட்டைப் பிடித்து வண்டி பூட்டுவதற்குள் எல்லாம் முடிந்தது. அதற்கப்புறமும் இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்றுகூட எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் அலமேலு சாவியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். ஓட்டாமல் விட்டால் துருப்பிடித்துப் போகும், நீங்களே கற்றுக்கொள்ளுங்கள் என்றாள். ஏரி வற்றிக் கிடந்த சித்திரையில், கும்மிடிப்பூண்டி மெக்கானிக் காசிம் பாய் எனக்கு ஏரிக்குள் வைத்து ஓட்டக் கற்றுக்கொடுத்தார். தன் தாடி நரைத்தது அந்த மாதத்தில்தான் என்று இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த ஏரியில் இருந்தது ஒரே ஒரு வேலமரம். அதில் எப்படி நான் மோதினேன் என்பது அவருக்கு இன்னும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

உன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டாளே என் மகள் வசந்தா, அவள் தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்தாள். பொன்னேரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே கிடக்கிறது, திரும்பினாலும் திரும்பும், இல்லாவிட்டால் ஆபரேஷன்தான், வலி கண்டதும் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் கொண்டுவந்துவிட வேண்டும் என்றார். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு உயிரும் மிஞ்சாது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சொந்த வண்டி இருக்குதும்மா" என்றேன். உன் கர்வத்தில் ஒரு துளி எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. அந்த ஒரு வார்த்தைக்காக மழைக்காலம் முழுக்கப் பட்டேன்.

கோடை முழுக்கக் கருடன் பொன்னாக ஓடினான். ஐப்பசி மழை விழுந்ததும் ஆரம்பித்தது. விடியற்காலையில் கிளம்ப மாட்டான், வெயில் ஏறினால் கிளம்புவான். கிளம்பினால் ஓடுவான், ஓடுகிறவன் திடீரென்று நாலு தரம் இருமிவிட்டு நிற்பான். கொஞ்ச நேரம் விட்டுத் தொட்டால், எனக்கா ஒன்றுமில்லையே என்று புறப்படுவான். உச்சி வெயிலில் அவனைப்போல் யோக்கியன் கிடையாது. எப்போதுமே ஓடாத வண்டியைப் பழுது பார்க்கலாம் மச்சான். சிலபோது மட்டும் ஓடாத வண்டியை என்ன செய்வது?

பிளக்கை மாற்றினேன், மூன்று நாள் சரியாக ஓடினான். ஊரெல்லாம் பெருமையடித்தேன், நாலாம் நாள் நின்றான். பாயிண்டைக் கழற்றித் தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தால் தேய்த்தேன். கண்டென்சரை மாற்றினார் காசிம் பாய். அப்புறம் காயில். அப்புறம் ஒயர் அத்தனையும். ஒவ்வொரு தடவையும் அவர் பட்டறைக்குப் போய்ச் சேருவதற்குள் இஞ்சின் சூடேறிக் கருடன் தங்கமாகிவிடுவான். காசிம் பாய் காதை வைத்துக் கேட்பார், உதட்டைப் பிதுக்குவார்.

"நோவு வந்தா இட்டுகினு வா நைனா. நோவே இல்லாத வண்டிக்கு நான் இன்னா மருந்து போடறது? பேஜாரு பண்ணாத."

இத்தனையும் மாற்றினோம். அந்தக் கருப்பு மூடியை மட்டும் மாற்றவில்லை. உன் வருஷம் திரும்புகிற வரைக்கும் வீட்டில் பண்டிகை கிடையாது அல்லவா? அதனால் இந்த வருஷம் ஆயுத பூஜை இல்லை. மூடியைக் கழுவவில்லை, புது நாமமும் இல்லை. போன வருஷம் நீ உன் விரலால் போட்டதே இருந்தது. அவர் கை வைத்தது, வருஷத் திவசம் வரைக்கும் அதை யாரும் தொட வேண்டாம் என்று அலமேலு முதலிலேயே சொல்லிவிட்டாள்.

காசிம் பாய் அவளைவிட ஒரு படி மேலே போனார். உள்ளே வேலை செய்ய மூடியைத் திறந்தாக வேண்டும். விரல் நாமத்தில் படாமல் கிளிப்பை மட்டும் நெம்பி, மூடியைத் துவைத்த துணியில் ஏந்தி, ஸ்டூலுக்கு மேலே உயரமாக வைப்பார். வேலை முடிந்ததும் அதேபோலத் திருப்பி மாட்டுவார். "அது உங்க சாமி. அண்ணன் கை வெச்சது. அதும்மேல என் எண்ணெய்க் கை படக்கூடாது" என்பார். இந்தப் பக்கம் எங்கள் துக்கம், அந்தப் பக்கம் அவர் மரியாதை. நடுவில் கருடன் எங்கள் எல்லாருக்கும் நன்றாக நாமம் போட்டுக்கொண்டிருந்தான்.

அவன் நிற்கிற இடத்திலும் ஒரு கணக்கு இருந்தது. ஏரி வழிந்து ரோட்டின்மேல் ஓடுமே, அந்தத் தரைப்பாலம். அதைத் தாண்டி ஏறியதும் புளியமரத்தடியில் பெரும்பாலும் நிற்பான். நீயும் அங்கேதான் எப்போதும் நிறுத்துவாய். இறங்கிப் பீடி பற்றவைப்பாய், சவாரிக்காரர்கள் முணுமுணுப்பார்கள்.

ஒருமுறை அலமேலு உடன் வந்தாள். கருடன் புளியமரத்தடியில் நின்றான். நான் ஹாண்டிலைத் தேடிக்கொண்டு இறங்கினேன். அவள் முகத்தில் பதற்றமே இல்லை.

"கொஞ்சம் பொறுங்கண்ணா. அவரு பீடி குடிச்சிகினு கீறாரு. குடிச்சிட்டாருன்னா கெளம்பிடும்."

என்னையறியாமல் மரத்தடியைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். அதை மறைக்க ஒரு பிரசங்கம் செய்தேன். இது இயந்திரம் தங்கச்சி, இதில் கரண்ட்டும் பெட்ரோலும்தான் இருக்கிறது, ஆவி சமாசாரம் இல்லை என்று எட்டாம் வகுப்பு விஞ்ஞானம் முழுவதையும் கொட்டினேன். ஒரு பீடி நேரம் ஆனது. சாவியைத் திருகினேன். கிளம்பிவிட்டது. அலமேலு என்னைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த மரியாதைக்கு அவளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

கார்த்திகை பிறந்து ஒரு விடியல். மழை இல்லை, ஆனால் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வசந்தா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பத்மா மூட்டையைக் கட்டினாள். நான் உன் ஷெட்டுக்கு ஓடினேன். கருடன் கிளம்பவில்லை. ஹாண்டில் போட்டேன், போட்டேன், அது திருப்பி அடித்து மணிக்கட்டு வீங்கியது. இடது கையால் போட்டேன். ஒரு பொறி இல்லை, ஒரு இருமல் இல்லை. கடைசியில் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அவளைப் படுக்க வைத்தோம். தரைப்பாலத்தில் மாடு தண்ணீரைப் பார்த்து மிரண்டது. அங்கேயே நின்றுகொண்டிருந்தபோது வலி அடங்கிவிட்டது. பொய்வலி. பெருமாள் புண்ணியம் என்று எல்லோரும் மூச்சுவிட்டார்கள்.

வசந்தா மட்டும் படுத்தபடியே என் வீங்கின கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "மாமாவுக்கும் இப்டித்தானே ஆச்சு, இல்லப்பா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், மச்சான்? "மாட்டுக்குத் தண்ணி ஆகாது, வேற ஒண்ணுமில்ல" என்று ஏதோ சொன்னேன்.

அன்றைக்கே காசிம் பாய்க்கு ஆள் அனுப்பினேன். நோவு வந்த வண்டியை நகர்த்தாமல் வைத்திருக்கிறேன், நீங்கள் வாருங்கள் என்று. பிற்பகலில், கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, மழையில் சைக்கிள் மிதித்து வந்தார். ஷெட்டைச் சுற்றி வந்தார். ஒரு தார்ப்பாய் கேட்டார்.

"கரண்ட்டு எங்கயோ திருட்டு போவுது நைனா. திருடனை வெளிச்சத்துல பாக்க முடியாது."

தார்ப்பாயைப் பானெட்டின்மேல் போட்டு அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டார். ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொள்ள அலமேலு வந்தாள், அவளும் உள்ளே குனிந்தாள். நான் வெளியே, வீங்கின கையோடு ஹாண்டில் போட்டேன். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. என்ன என்று கேட்டேன்.

அவர் வெளியே வந்து ஹாண்டிலை வாங்கிக்கொண்டார். "நீயே போய்ப் பாரு" என்றார். குரல் இறங்கியிருந்தது.

உள்ளே கும்மிருட்டு. பெட்ரோல் வாசனை, ஈர மண் வாசனை. பக்கத்தில் அலமேலுவின் மூச்சு. அவர் சுற்றினார். அப்போது பார்த்தேன் மச்சான். உன் நாமத்தின்மேல் நீலமாக ஒரு நூல் ஓடியது. மேலே மொட்டில் பிறந்து, சிவப்புக் கோட்டோடு நெளிந்து இறங்கி, கிளிப்பில் தொட்டு மறைந்தது. மறுபடி சுற்றினார், மறுபடி ஓடியது. நீ போட்ட கோட்டை அது ஒரு இடத்திலும் தாண்டவில்லை.

ஈரம் கரண்டைக் கடத்தும் என்று எட்டாவதில் சொல்லிக்கொடுத்தார்கள். ஈரமான நாமம் கடத்தும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு வருஷத்து எண்ணெயும் தூசியும் அந்த மண்ணில் ஊறிப்போயிருந்தது. பனியிலும் மழையிலும் அது ஈரத்தைக் குடிக்கும். பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் சுலபமான வழியில் இறங்கி ஓடிவிடும். இஞ்சின் சூட்டில் காய்ந்ததும் வழி அடைபடும், கருடன் யோக்கியனாகிவிடுவான். அவ்வளவுதான். அவ்வளவுதான் சமாசாரம்.

ஹாண்டில் சுற்றுவது நின்றது. தார்ப்பாயை விலக்கினோம். காசிம் பாய் கையைத் துடைத்துக்கொண்டே இரண்டடி பின்னால் போய் நின்றார். புது மூடிக்கு மெட்ராஸுக்குச் சொல்லி அனுப்பலாம், வர நாளாகும் என்றார். வசந்தா நாலு வீடு தள்ளிப் படுத்திருக்கிறாள், மழை பெய்துகொண்டிருக்கிறது, வலி அடுத்த நிமிஷமே வரலாம். இருந்தும், துடைக்கட்டுமா என்று அலமேலுவைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவளேதான் கையை நீட்டினாள். காசிம் பாய் அவசரமாக எண்ணெய்த் துணியை எடுத்தார். அவள் அதை வாங்கவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, பெட்ரோலில் தோய்த்துக்கொண்டாள்.

"என் நெத்தியில பொட்ட அழிச்சப்போ என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலண்ணா. இத்த நானே அழிக்கிறேன்."

முதலில் வெள்ளையைத் துடைத்தாள். அப்புறம் சிவப்பு. நிதானமாக, ஓரம் ஓரமாக, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி. முடித்துவிட்டு மூடியைக் காசிம் பாய் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் புடவையில் சிவப்புக் கறை இன்னும் இருக்கிறது. அவள் துவைக்கிறாள்தான், அந்த இடத்தை மட்டும் அழுத்தித் துவைப்பதில்லை என்கிறாள் பத்மா.

நாமம் போன பிறகு மூடியில் கரியாக ஒரு மெல்லிய கோடு தெரிந்தது, அதே வடிவத்தில். கரண்ட் ஓடி ஓடிச் சுட்ட தடம். காசிம் பாய் அதைப் பிளேடால் சுரண்டி, அனலில் காட்டிக் காயவைத்து, மெழுகு தேய்த்து மாட்டினார். நான் சாவியைத் திருகியதும் கருடன் எழுந்தான். நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். காசிம் பாய் சைக்கிளை எடுத்துக்கொண்டு, டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக எனக்கு உறைத்தது. மழை நாளில் நீ பானெட்டைத் திறந்ததும் தோளில் இருக்கிற துண்டால் அந்த மூடியை ஒற்றி ஒற்றி எடுப்பாய். அப்புறம் கும்பிடுவாய். நான் அதெல்லாம் சேர்ந்து ஒரே பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கும்பிட்டதைக் கற்றுக்கொண்டு துண்டை விட்டுவிட்டேன். தரைப்பாலம் தாண்டி நீ நிறுத்தியது பீடிக்காகவா, தெறித்த தண்ணீர் காயட்டும் என்றா? உன்னைச் சோம்பேறி என்று எத்தனை தடவை கேலி செய்திருப்பேன்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. ஈரம் ஆகாது என்று உனக்குத் தெரியும். அந்த நாமம்தான் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது என்பதும் தெரியுமா? தெரிந்தேதான் ஒவ்வொரு வருஷமும் அங்கேயே போட்டாயா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? சிரித்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன்.

உண்மையான வலி ஒரு விடியலில்தான் வந்தது. பனி இறங்கியிருந்தது. நான் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். மூடியை ஒற்றினேன், கும்பிடவும் செய்தேன், எதையும் விடுகிற தைரியம் எனக்கு இல்லை. கருடன் எழுந்தான். பின்சீட்டில், உன் தலை இருந்த அதே இடத்தில் வசந்தாவின் தலை, அலமேலுவின் மடியில். பத்மா முன்னால் உட்கார்ந்து வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடியது. ஊர்ந்துபோனேன். அந்தப் பக்கம் ஏறி, புளியமரத்தைத் தாண்டினேன். கருடன் இருமக்கூட இல்லை.

ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை. ரங்கநாயகி என்று பேர் வைத்திருக்கிறாள் வசந்தா. அழுகிற சத்தம் உன் ஹாரன் மாதிரியே இருக்கிறது. நிறுத்தத் தெரியாது.

நேற்று உன் வருஷத் திவசம் முடிந்தது. ஊர்ச் சேதி கொஞ்சம் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வரப்போகிறதாம், ஆட்கள் வந்து சங்கிலி பிடித்து நிலம் அளந்துகொண்டிருக்கிறார்கள். இதுவரைக்கும் நெல் விளைந்த இடத்தில் கல் நடுகிறார்கள். நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தரைப்பாலத்தை எடுத்துவிட்டு உயரமாகப் பாலம் கட்டுவார்கள் என்றும் ஒரு பேச்சு. மெட்ராஸிலிருந்து புது மூடி வந்துவிட்டது. பழையதை எங்கே போடுவது என்று காசிம் பாய் கேட்டார். அலமேலு வாங்கி உள்ளே வைத்திருக்கிறாள்.

திவசம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் அவள் என்னிடம் வந்தாள். "நீங்க ஒருத்தருதான் ஓட்டறீங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு ஓட்டுவா?" என்றாள். என் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது மச்சான், இருந்தாலும் அவள் சொன்ன பிறகு ஒருமுறை மார்பைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். தனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்கிறாள். பத்மா வாயைப் பொத்திக்கொண்டாள். காசிம் பாய் தாடியில் மிச்சம் இருக்கிற கருப்பைத் தடவிக்கொண்டார்.

ஆகையால் இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. சித்திரையில் ஏரி வற்றியதும் அலமேலுவைக் கூட்டிக்கொண்டு போய்க் கற்றுக்கொடுப்பேன். வசந்தாவுக்கும் பின்னால் சொல்லித்தருவேன். ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் பின்சீட்டில் படுத்திருக்கிற நிலைமை நம் ஊரில் இனி வராது. வருகிற ஆயுத பூஜைக்குக் கருடனுக்கு நாமம் உண்டு. பானெட்டுக்கு வெளியே, பெரிதாக, மழையில் கரைந்தால் கரையட்டும் என்று போடுவேன். மூடிக்குத் துண்டு மட்டும்தான்.

இன்னொன்று. குழந்தை பிறந்த அன்று, துணிமணி எடுத்துவர நான் மட்டும் தனியாக ஊருக்குத் திரும்பினேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனதும் அலமேலு, "புளியமரத்தாண்ட நின்னுச்சாண்ணா?" என்று கேட்டாள். இல்லை தங்கச்சி, கருடன் எங்கேயும் நிற்கவில்லை என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நான் சொன்னது பொய்யில்லை, கருடன் நிற்கவில்லைதான். தரைப்பாலம் தாண்டினேன், புளியமரம் வந்தது, அவன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தான். அவளிடம் சொல்லாதது இவ்வளவுதான் மச்சான்: அங்கே சாவியைத் திருகி நானே நிறுத்தினேன். ஒரு பீடி நேரம்.

உன் தங்கை புருஷன்,
ரங்கநாயகியின் தாத்தா,
நீ கூப்பிட்ட மாப்ளே